எவ்வுயிரையும் கொல்லாதபோது இம்சை எங்கே?

இல்லறத்தார்க்கு உரிய பன்னிரண்டு விரதங்களுள் நாம் அடிக்கடி பேசுவது கொல்லாமை. மிகக் குறைவாகப் பேசுவது அநர்த்த தண்ட விரதம். ஐந்து அணுவிரதங்களை நம் வீட்டுச் சிறுவரும் ஒப்பிப்பர். மூன்று குணவிரதங்களுள் ஒன்றாகிய இதனையோ பெரியவர்களிலும் பலர் பெயரளவிலேயே அறிவர். யானும் அவ்வாறே அறிந்திருந்தேன். என் தங்கையின் மகன் கேட்ட ஒரு கேள்விதான் அதன் பொருளை எனக்கு விளங்க வைத்தது. அத்தகைய கேள்வி நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றோ நாளையோ எழக்கூடும். ஆதலின் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

கழுகுமலையிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு

சென்ற ஆண்டு ஆவணி மாதம் உறவினர் சிலர் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு கழுகுமலைக்குச் சென்றோம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரியும் என் தங்கை மகனும் விடுமுறைக்கு வந்திருந்தவன் உடன் வந்தான். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அப்பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காலை வெயிலில் தரிசித்தோம். நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதரையும், கொடி படர்ந்த பாகுபலியையும், சிங்கத்தோடு நிற்கும் அம்பிகா இயக்கியையும் கண்டோம். திருவுருவங்களைச் செய்வித்த குரவர், குரத்தியர் பெயர்களை வட்டெழுத்தில் கண்டபோது, இத்தெற்குச் சீமையில் ஒருகாலத்தில் நம் அறம் எவ்வளவு ஆழ வேரூன்றியிருந்தது என்று பேசிக்கொண்டோம்.

பிற்பகலில் கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். மழை இன்னும் தொடங்கவில்லை. சாலையின் இருபுறமும் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. 1974ஆம் ஆண்டில் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையையும், அதனருகே பழைய அரண்மனையின் அடித்தளங்களையும் பார்த்தோம்.

அங்குதான் அந்தப் பேச்சு எழுந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு என் தங்கை தனியே வந்து, "அண்ணா, அவன் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறானாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தோட்டாவையும் தானே செய்கிறானாம். நம் வீட்டில் தண்ணீரை வடிகட்டிக் குடித்து வளர்ந்த பிள்ளை. நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்று கண் கலங்கினாள். கோட்டை மதிலின் நிழலில் அமர்ந்தபோது கேட்டேன். அவன் மறைக்கவில்லை. நாணவுமில்லை. மிகுந்த உற்சாகத்தோடு விளக்கத் தொடங்கினான்.

ஒரு தோட்டாவின் வரலாறு

அவன் விரும்பிப் பயிலும் தோட்டாவுக்கு .327 ஃபெடரல் மேக்னம் என்று பெயர். பலரும் அறியாதது. அதன் மூதாதை 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய .32 அளவுள்ள சிறிய ரிவால்வர் தோட்டா. 1896இல் அதனினும் நீண்ட தோட்டா ஒன்று வந்தது. நம் நாட்டில் கான்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்படும் .32 ரிவால்வரும், 2014இல் பெண்களுக்கென அறிமுகமான நிர்பீக் என்னும் ரிவால்வரும் கொள்வது இந்த 1896ஆம் ஆண்டுத் தோட்டாவைத்தான். 1984இல் இன்னும் நீண்டதொரு மேக்னம் வந்தது. 2007ஆம் ஆண்டு இறுதியில் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டில் பரவலாக விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறையே இந்த .327. நான்கின் குண்டும் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் குறுக்களவு உடையவைதாம். நீளமும் வேகமும் மட்டும் தலைமுறைதோறும் ஏறின. 1896ஆம் ஆண்டுத் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 15,000 பவுண்டு; .327க்கோ 45,000 பவுண்டு. ஒவ்வொரு முறையும் கூட்டின் நீளம் மிகுந்ததால், வலுக்குறைந்த பழைய துப்பாக்கியில் புதிய தோட்டா நுழையாது. ஆனால் .327க்குரிய ரிவால்வரில் முன்னோர் மூன்றையும் இட்டுச் சுடலாம்.

"மற்ற மேக்னங்களைப் போலக் கையை உதைக்காது மாமா. .357 ஐந்து கொள்ளும் சிறிய ரிவால்வரில் இது ஆறு கொள்ளும். ஆனாலும் பெயர் பெறவில்லை. கடைகளில் ஓரிரு வகைதான் கிடைக்கும், விலையும் அதிகம். அதனால் இதை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே செய்துகொள்கிறார்கள்" என்றான்.

செய்யும் முறையையும் சொன்னான். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டை எறியாமல் துலக்கி எடுப்பர். சுட்ட அழுத்தத்தில் விரிந்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்வர். அடியில் பிரைமர் எனப்படும் சிறிய எரிமூட்டியைப் பதிப்பர். வெடிமருந்தை நிறுத்து இடுவர். மேலே குண்டை அமர்த்தி, கூட்டின் வாயை இறுக்குவர். மருந்தின் நிறையளவுக்குக் கிரெயின் என்று பெயர். ஒரு தானிய மணியின் நிறையிலிருந்து பிறந்த அளவு அது. நம் பொற்கொல்லர் குன்றிமணியால் நிறுத்தது போல. ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு கூடாமலும் குறையாமலும் பார்க்க வேண்டுமாம். மிகுந்தால் துப்பாக்கியே வெடித்துக் கையைச் சிதைக்கும்.

இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அவன் வாழும் நாட்டில் தன் சொந்தப் பயனுக்குச் செய்ய அதற்கென உரிமம் வேண்டியதில்லை. ஆதலின் சட்டத்தின் முன் அவன் குற்றவாளியல்லன். அறத்தின் முன் எவ்வாறு என்பதே கேள்வி. அதையும் அவனே எழுப்பினான்.

"மாமா, ஆறு ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. காகிதத்தில் வரைந்த வட்டத்தைத்தான் சுடுகிறேன். இறைச்சியைத் தொட்டதில்லை. திருடனுக்கு அஞ்சி வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கலாம்; அது பொய். எனக்குப் பிடித்திருக்கிறது, வெறும் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். பிரமாதமே இம்சைக்கு வேர் என்று தாத்தா சொல்வார். மருந்து நிறுக்கும்போது நான் பாட்டுக்கூடக் கேட்பதில்லை. அவ்வளவு விழிப்போடு இருக்கிறேன். யாரைக் கொன்றேன்? இதில் இம்சை எங்கே இருக்கிறது?"

நாம் இன்று பாராட்டுச் சொல்லாக வழங்கும் 'பிரமாதம்' ஆகமத்தில் விழிப்பின்மையைக் குறிக்கும் என்பதை அவன் பாட்டனாரிடம் கற்று மறவாதிருந்தான். அக்கேள்வியில் ஆணவம் இல்லை. உண்மையான ஐயம் இருந்தது. "துப்பாக்கி பாவம், எறிந்துவிடு" என்று ஒரு வரியில் முடிப்பது அவனுக்கும் நீதியாகாது. நம் ஆசாரியர்களுக்கும் நீதியாகாது.

ஆயுதம் ஏந்திய அனைவரும் பாவிகளோ?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆயுதம் தொட்டவர் யாவரையும் சமணம் ஒரே தட்டில் வைப்பதில்லை. நம் பெரியோர் இம்சையை நான்காகப் பகுப்பர். கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்கல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தாக்க வருபவனைத் தடுக்கும்போது நேர்வது விரோத இம்சை. முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் துறத்தல் வேண்டும். மற்ற மூன்றையும் இயன்ற அளவு சுருக்க வேண்டும்.

சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரரை நிறுவிய சாமுண்டராயர் கங்க அரசின் அமைச்சர், படைத்தலைவரும்கூட. போர்க்களம் கண்ட அவர் கைகளே அப்பேருருவை எழுப்புவித்தன. அவரை நம் மரபு போற்றுகிறதேயன்றிப் புறந்தள்ளவில்லை.

நாங்கள் அமர்ந்திருந்த மண்ணும் அத்தகையதே. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தபின், இடித்துத் தள்ளப்பட்ட மண்கோட்டை சில நாள்களிலேயே மீண்டும் எழுந்தது. மார்ச்சு இறுதியில் வந்த தாக்குதலை அது தாங்கியது. மே 24இல் கர்னல் அக்னியூவின் படை அதைக் கைப்பற்றியது. ஆமணக்கு விதைத்து அவ்விடத்தின் சுவடே இல்லாமற் செய்தனர் என்று ஊரார் சொல்வர். அந்த மதிலின் பின்நின்று வேலும் துப்பாக்கியும் ஏந்தியவர்க்கும் இம்சை உண்டு; வினைப்பிணிப்பும் உண்டு. ஆயினும் அது விரோத இம்சை. தம் ஊரையும் மக்களையும் காத்தல் என்னும் ஒரு பொருள் அதற்கு இருந்தது.

இதைக் கேட்டதும் என் மருமகன், "அவர்கள் மனிதரைக் கொன்றார்கள், அவர்களுக்கே இடம் உண்டென்றால் காகிதத்தைச் சுடும் எனக்கு ஏன் இல்லை?" என்றான். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண யசோதரன் கதைக்குப் போக வேண்டும்.

மாவினால் செய்த கோழி

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தின் கதை நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டதுதான். உஞ்சை நகர மன்னன் யசோதரன் தீக்கனவு கண்டதாகத் தாயிடம் கூறினான். தேவிக்குப் பலியிடுமாறு தாய் சந்திரமதி சொன்னாள். உயிர்க்கொலைக்கு அவன் இசையவில்லை. ஆயின் மாவினால் ஒரு கோழி செய்து அதையேனும் வெட்டு என்றாள். அவன் உடன்பட்டான். ஓர் உயிரும் சாகவில்லை. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலும் நாயும் தொடங்கி விலங்குப் பிறவிகள் பல எடுத்து உழன்றனர். இறுதியில் கோழிகளாகவே பிறந்தனர்.

இக்கதை மிகைபடக் கூறியதன்று. இம்சையை நம் ஆசாரியர்கள் இறந்த உடலைக் கொண்டு மட்டும் அளப்பதில்லை. விழிப்பிழந்து கஷாயத்தின் வசப்பட்ட மனமொழிமெய்களால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்பது உமாசுவாமி முனிவர் தரும் இலக்கணம். ஆசையும் சினமும் உள்ளத்தில் எழும்போதே இம்சை பிறந்துவிடுகிறது என்றும், கொல்லாமலே இம்சையின் பயனைத் துய்ப்பவர் உண்டு என்றும் அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்குவார்.

"ஆனால் யசோதரன் கோழியை மனத்தில் கொண்டு மாவை வெட்டினான். நான் எதையும் மனத்தில் கொள்ளவில்லையே" என்றான் அவன்.

அப்போது அவன் சொன்ன கணக்கையே அவனிடம் திருப்பிக் கேட்டேன். "தம்பி, காகிதத்தைத் துளைக்க 1896ஆம் ஆண்டுத் தோட்டா போதாதா?"

"போதும்."

"குறி தவறாமல் சுடப் பழகுவதற்கு?"

"அதற்கு அதுவே நல்லது. இருபத்தைந்து மீட்டர்ப் போட்டிகளில் அதைத்தான் பலர் சுடுகிறார்கள்."

"பின் மும்மடங்கு அழுத்தம் எதற்கு? காகிதத்திற்கு அது வேண்டியதில்லையே. அந்த மிகுதி எதைத் துளைப்பதற்காக முதலில் கருதப்பட்டது?"

அவன் விடை சொல்லவில்லை. மாவைக் கோழியாகப் பிடித்தது ஏன்? உருண்டையாகப் பிடித்திருந்தால் மனம் நிறைந்திராது, அதனால்தான். காகிதத்திற்கு மேக்னம் ஏன்? சிறிய வேகத்தில் மனம் நிறையவில்லை, அதனால்தான். மேக்னம் என்பது 'பெரிது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பெரிய மதுக்குடுவைக்கு வழங்கிய பெயரைத் தோட்டாவுக்கு இட்டனர் என்பர். 'போதும்' என்பதற்கு அப்பால் செல்லும் வேட்கையே அப்பெயரில் இருக்கிறது. எவ்வுயிரையும் அவன் குறிவைக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அவன் இன்புறும் அந்த மிகுதி ஓர் உடலை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. உடல் இருந்த இடத்தில் அவன் காகிதத்தை வைத்திருக்கிறான். அவ்வளவே வேறுபாடு.

துப்பாக்கி சுடுதலே ஆகாது என்று நான் கூறவில்லை. 1994இல் ஹிரோஷிமாவிலும் 2006இல் தோஹாவிலும் நடந்த ஆசிய விளையாட்டுகளில் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்றார். கை நடுங்காமையும் மூச்சடக்கமும் அங்கே பயிலப்படும் கலை. அக்கலையில் மகிழ்வதற்குக் காற்றுத் துப்பாக்கியும் போதும். தன் மகிழ்ச்சி எதில் இருக்கிறது என்று ஒருவன் சோதிக்க வழி எளிது: வேகத்தைக் குறைத்துப் பார்க்கட்டும். மகிழ்ச்சி குறையவில்லையெனில் அவன் நேசித்தது கலையை. குறைந்துவிட்டதெனில் அவன் நேசித்தது தாக்கும் ஆற்றலை. இம்சையில் இன்புறும் சிந்தனையை ரௌத்திரத் தியானத்தின் முதல் வகையாக ஆகமம் எண்ணுகிறது. சிறு விரதங்கள் ஏற்ற இல்லறத்தானிடமும் அது எழக்கூடும் என்றும் எச்சரிக்கிறது.

கூட்டுதலும் கவனமும்

இன்னொன்றையும் அவனுக்குக் காட்டினேன். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை வரும் வழிகளை ஆராயும்போது, உயிரில்லாப் பொருள்களும் வினைக்குக் களனாகும் என்கிறது. அவை களனாகும் வகைகள் ஆக்குதல், வைத்தல், கூட்டுதல், செலுத்துதல் என நான்கு. கருவிகளை ஒன்றோடொன்று சேர்த்தல் கூட்டுதலில் அடங்கும் என உரைகாரர் விளக்குவர். சுவேதாம்பர மரபினரும் அநர்த்த தண்ட விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகக் கருவிகளைப் பூட்டிய நிலையில் வைத்திருப்பதைக் கூறுவர். உரலோடு உலக்கையையும் வில்லோடு அம்பையும் பொருத்தியே வைப்பது அதற்கு எடுத்துக்காட்டு. காரணம் நுட்பமானது. தனித்திருக்கும்போது வில் ஒரு கழி. அம்பு ஒரு குச்சி. கூடியபின் யார் கை பட்டாலும் கொல்லும்.

தோட்டாவும் அத்தகையதே. பித்தளைக் கூடு தனியே கிடந்தால் குழந்தையின் விளையாட்டுப் பொருள். ஈயக் குண்டு வெறும் கோலி. அவற்றைச் சேர்க்கும் கையே அவற்றைக் கருவியாக்குகிறது. கடையில் வாங்குபவன் பிறர் கூட்டியதை வாங்குகிறான். தானே செய்பவனோ மாலைதோறும் அமர்ந்து நூறு முறை அக்கூட்டுதலைத் தன் கையால் செய்கிறான். எண்ணுதல், பொருள் திரட்டுதல், தொடங்குதல் மூன்று; மனம், மொழி, மெய் மூன்று; செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்று; கஷாயம் நான்கு. இவற்றைப் பெருக்கினால் நூற்றெட்டு. நாம் உருட்டும் செபமாலையின் மணிகளும் நூற்றெட்டே. வினை நுழையும் வாயில்கள் இத்தனை என்பதை மறவாதிருக்கவே அவ்வெண் என்பர்.

அவன் பெருமையோடு குறிப்பிட்ட கவனத்தைப் பற்றியும் கூற வேண்டும். அது உண்மையான கவனம்தான். பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பாயிருத்தல் முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று. மயிற்பீலியால் இடத்தை மெல்ல வருடிவிட்டு முனிவர் கமண்டலத்தை வைப்பர். அவன் தட்டில் மருந்தை இடுவதும் அதே நுட்பத்தோடு கூடியது. கையின் அசைவு ஒன்றாகவே தோன்றும். ஆனால் முனிவரின் விழிப்பு எதிரே இருக்கும் உயிரைக் காக்கிறது; தோட்டா செய்பவனின் விழிப்பு தன் கையைக் காக்கிறது. கவனம் உயர்ந்ததுதான், அது யாரைக் காக்கிறது என்று கேட்ட பிறகே அதைச் சமிதி எனலாம்.

பயனின்மையே பழி

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட விரதத்திற்கு வருவோம். என் மருமகன் தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த கேடயம், "வெறும் பொழுதுபோக்கு" என்பது. எந்தப் பயனும் கருதாமையால் தன் செயலில் குற்றமில்லை என்று அவன் கருதினான். நம்மில் பெரும்பாலோர் அவ்வாறே கருதுகிறோம்.

சமந்தபத்ர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்திலும், அதன் வழியில் நம் தமிழ் அருங்கலச்செப்பும் இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. அநர்த்தம் என்பது பயனில்லாதது. தண்டம் என்பது மனமொழிமெய்களின் தீய செயல். பாவ உபதேசம், இம்சைக் கருவிகளை ஈதல், தீச்சிந்தனை, தீயன கேட்டல், பிரமாதச் செய்கை என அது ஐவகைப்படும். வாள், கோடரி, தீ முதலிய கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தலும், காரணமின்றி நிலத்தை அகழ்தலும் தீ மூட்டுதலும் இவற்றுள் அடங்கும். உழவனும் நிலத்தைக் கிளறுகிறான். அவனுக்குச் சோறு என்னும் பயன் உண்டு. வீணே கிளறுபவனுக்கு அதுவும் இல்லை. ஆகவே 'பயனில்லை' என்பது குற்றத்தைக் குறைக்கும் வாதமாகாது. அதுவே குற்றத்தின் பெயர்.

பாஞ்சாலங்குறிச்சி வீரனுக்கு இருந்து இவனுக்கு இல்லாத இடம் இதுதான். அவன் செய்த இம்சை பெரிது. ஆனால் அவன் தள்ள முடியாத ஒரு கடமைக்குள் நின்றான். போர் முடிந்திருந்தால் ஆயுதத்தைக் கீழே வைத்திருப்பான். பொழுதுபோக்காளனுக்குப் போர் முடிவதே இல்லை; ஏனெனில் அது தொடங்கவே இல்லை. இவன் செய்யும் இம்சை மிகச் சிறிது. ஆனால் அதற்கு எல்லை வகுக்கும் காரணம் எதுவும் இல்லை. ஆசாரியர் அதனைத் தனியே எடுத்து ஒரு விரதமாக்கியதன் நுட்பம் அன்றுதான் எனக்குப் புலப்பட்டது.

வண்டியில் இருந்த பெட்டி

இத்தனையும் கூறி முடித்து, நன்றாகச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு எழுந்தேன். வேனுக்குத் திரும்பினோம். பின்கதவைத் திறந்து தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்த என் மருமகன் உள்ளே இருந்த ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பார்த்தான்.

"மாமா, இது யாருக்கு?" என்றான்.

முன்னாள் சாத்தூர் வழியாக வந்தபோது நான் வாங்கிய பட்டாசுப் பெட்டி அது. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கினால் விலை மலிவு என்று, பேரப்பிள்ளைகளுக்காக வாங்கியிருந்தேன்.

அவன் கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு விடை வரவில்லை. தீபாவளி நமக்கு மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். விளக்கேற்றி வழிபட வேண்டிய அந்த நாளில், ஒளியைத் தேடி வரும் பூச்சிகள் நிறைந்த வேளையில், வீதியில் வெடியைக் கொளுத்துகிறோம். மழை பொய்க்கும் இக்கரிசல் வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவதை நான் மறுக்கவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரே வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் அங்கே வேலைக்குச் செல்வோர்க்கு வயிறு என்னும் காரணம் இருக்கிறது. அது உத்தியோக இம்சை. அதை வாங்கி வீதியில் வெடிக்கும் எனக்கு என்ன காரணம் இருக்கிறது? "வெறும் வேடிக்கை" என்றுதான் நானும் சொல்ல முடியும். சற்றுமுன் அவன் சொன்னதும் நான் கண்டித்ததும் அதே சொல்தான்.

அவன் தோட்டாவால் ஆறு ஆண்டுகளில் ஓர் உயிரும் போகவில்லை. என் பெட்டியால் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை சிற்றுயிர் மடிந்தனவோ, யான் எண்ணியதில்லை. அயல்நாட்டுத் துப்பாக்கியில் இம்சையைக் கண்ட என் கண்ணுக்கு அட்டைப் பெட்டியில் இருந்தது தெரியவில்லை. பழகிய இம்சைக்கு மணமில்லை போலும்.

பத்து நாள்

திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். 1801 டிசம்பரில் வந்த அறிக்கை ஒன்றினால் ஆங்கிலேயர் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தனர். பறிக்கப்படுவது வேறு, தானே வைத்தல் வேறு. பறித்த இடத்தில் அச்சம் மிஞ்சும். வைத்த இடத்தில்தான் விரதம் பிறக்கும். ஆகவே அவனை நான் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. வரவிருந்த தசலட்சண பர்வத்தின் பத்து நாளும் அந்தத் தோட்டா அச்சைத் தொடுவதில்லை என்று அவனே கூறினான். என் இல்லத்தில் இனிப் பட்டாசு இல்லை என்று நான் கூறினேன். பெட்டியை என்ன செய்வது என்பதே பெரிய சிக்கலாயிற்று. பிறர்க்குக் கொடுத்தால் அது இம்சைக் கருவியை ஈந்ததாகும். இறுதியில் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவைத்துச் செயலிழக்கச் செய்தேன். செலவழித்த பணத்தை எண்ணி வருந்திய மனத்தையும் அப்போது கண்டேன், அதுவும் பாடமே.

பர்வம் முடிந்தபின் அவனிடமிருந்து கடிதம் வந்தது. அதன் சாரம் இது: "மாமா, முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அலுவலகத்தில் வேறு வேலையில் இருக்கும்போது என் மனம் மருந்து நிறுத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். உத்தம மார்தவ நாளா, ஆர்ஜவ நாளா என்பது நினைவில்லை; எத்தனை கிரெயின் என்பது நினைவிருந்தது. கை ஓய்ந்தும் மனம் ஓயவில்லை. அச்சை விற்றுவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் 'இம்சை எங்கே?' என்று அன்று கேட்டேனே, அதற்கு இடம் தெரிந்துவிட்டது."

அவனுக்கு நான் எழுதிய விடை சிறியது. அச்சை விற்பது அவன் விருப்பம். மனம் நிறுப்பதைக் கண்டானே, அந்தக் காட்சியை மட்டும் விற்றுவிட வேண்டாம். வினை நுழையும் வாயிலைக் கண்டவனே அதை அடைக்கக் கூடும். சம்வரம் என்பது அதுதானே?

தீபாவளியன்று என் பேரன் முதலில் அழுதான். பிறகு நூற்றெட்டு அகல் ஏற்றும் வேலையை அவனிடம் ஒப்படைத்தோம். விட்டில்கள் வந்து விழாதிருக்க ஒவ்வொன்றையும் கண்ணாடிக் கூட்டினுள் வைத்தான். ஒன்றை எடுப்பதற்கும் வைப்பதற்கும் அவன் காட்டிய கவனத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்பர்களே! நம் இல்லங்களில் துப்பாக்கி இராது; தோட்டா இராது. ஆயினும் "வெறும் வேடிக்கை" என்று நாம் கைகாட்டும் பொருள் ஏதேனும் ஒன்று ஒவ்வோர் இல்லத்திலும் இருக்கும். "யாரைக் கொன்றேன்?" என்று கேட்பதோடு நில்லாமல், "எதில் மகிழ்கிறேன்? என்ன பயன் கருதி?" என்றும் கேட்போமாக. அக்கேள்வியே அநர்த்த தண்ட விரதத்தின் வாயில்.

அறம் வளர்க!